மரத்தை நிமிர்ந்து பார்க்காத ஆள்

புளி வாங்குவதில் இரண்டு ரகம் உண்டு. உலுக்கி, ஓடு உடைத்து, கொட்டை எடுத்து, மூட்டையாகக் கட்டி வந்த பிறகு வாங்குவது ஒரு ரகம். அதை எவனும் செய்யலாம், தராசு இருந்தால் போதும். பழம் மரத்தில் தொங்கும்போதே, ஏறாமல், தொடாமல், அண்ணாந்து பார்த்து, 'இது இத்தனை மணங்கு இறங்கும்' என்று கணித்து மரத்தோடு குத்தகை பேசுவது இன்னொரு ரகம். போளூரில் எங்கள் மண்டி இரண்டாவது ரகம். அதற்கு வேண்டியது ஒரு ஜோடிக் கண்ணும் ஒரு நாக்கும். அந்தக் கண்ணும் நாக்கும் என் அக்கா நீலாவதியின் புருஷன் தாண்டவராயனிடம் இருந்தன. ஜவ்வாது மலையில் அவரை மதிப்புக்காரர் என்பார்கள். எனக்கு மாமா.

கண் எங்களுக்கு உண்மை சொல்லும். நாக்கு மரத்துக்காரனுக்குப் பொய் சொல்லும். இரண்டுக்கும் நடுவில் இருக்கிற இடத்தில்தான் எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாகக் குடியிருந்தது. மாமா மரத்தை ஒருமுறை சுற்றி வந்து, என்னிடம் மட்டும் கேட்கிற மாதிரி "பதினொண்ணு" என்பார். பதினொரு மணங்கு. உலுக்கி நிறுத்தால் அதற்கு மேலோ கீழோ ஒரு கை அளவுதான் வித்தியாசம் இருக்கும். அடுத்த நொடி மரத்துக்காரன் பக்கம் திரும்பி ஆரம்பிப்பார்.

"இன்னா வேடியப்பா, இது புளிய மரமா, இல்ல வௌவாலு தொங்குதா?"

"ஏன், நல்லாத்தானே காய்ச்சிருக்குது?"

"ஓடு தடிப்பு. நாரு ஜாஸ்தி. கொட்டைய எடுத்துட்டா உள்ள உம் பேருதான் மிஞ்சும்."

"அப்புறம் ஏன் வருசா வருசம் மலையேறி வர்றீங்க மதிப்புக்காரரே? கீழ புளியே இல்லியா, இல்ல ஊட்டுக்காரம்மா தொரத்தி வுட்டுட்டாங்களா?"

நெல்லிவாசல்நாட்டு வேடியப்பனுக்கும் மாமாவுக்கும் நடக்கும் இந்தப் பேச்சைக் கேட்க ஊரே வேலையை விட்டு வந்து நிற்கும். திட்டிக்கொள்வார்கள், எழுந்து போவார்கள், திரும்பி வருவார்கள். விலை படிந்ததும் ஒரே சட்டியில் சாமைச்சோறு சாப்பிடுவார்கள். மாமா சொல்லும் குறையை அங்கே யாரும் நம்பியதில்லை. நம்பாமல் இருப்பதுதான் அந்த ஆட்டத்தின் விதி.

நம்பியவள் ஒருத்தி இருந்தாள். அந்தக் கதையை நான் மண்டியில் எத்தனையோ தடவை சொல்லி ஆட்களை வயிறு வலிக்கச் சிரிக்க வைத்திருக்கிறேன். இப்போது சிரிப்பை எடுத்துவிட்டுச் சொல்கிறேன்.

வேடியப்பன் ஊருக்கு அடுத்த கொல்லைமேட்டில் மங்கம்மாள் என்று ஒரு பெண்பிள்ளை. புருஷன் செத்து அப்போது ஒரு வருஷம் ஆகியிருந்தது. பேரம் எல்லாம் அவன்தான் பேசுவான். எழுபத்தெட்டாம் வருஷம் தை மாதம் முதல் தடவையாக அவளே மரத்தடியில் வந்து நின்றாள். நிலத்து ஓரத்தில் ஒரே மரம், பெரிய மரம். மாமா சுற்றி வந்து என்னிடம் "பதினாலு" என்றார். பிறகு வழக்கம்போல நாக்கைத் திறந்தார்.

"இது நெழலுக்கு வெச்ச மரம்மா. ஏறறவனுக்குக் கூலி குடுத்தா கையில ஒண்ணும் நிக்காது. வெட்டிப் போட்டா வெறகாச்சும் மிஞ்சும்."

எதிராளி இதற்கு, 'உன் வாயில மண்ணு' என்று சொல்ல வேண்டும். அங்கிருந்து பேரம் மேலே ஏறும். மங்கம்மாள் ஒன்றும் சொல்லவில்லை. கெட்டிக்காரி, மௌனமாக இருந்து விலையை ஏற்றப் பார்க்கிறாள் என்று நாங்கள் நினைத்துக்கொண்டு, ஒரு வாரம் ஆறப்போட்டு, நல்ல விலையோடு திரும்பிப் போனோம். மரம் தரையில் கிடந்தது. கிளை கிளையாகக் கழித்து, அடுக்கி, அதன் பக்கத்தில் அவள் நின்றிருந்தாள்.

"நீங்க சொன்னீங்களே," என்றாள். குறையாகச் சொல்லவில்லை. நல்ல யோசனை சொன்னவர்களிடம் பேசுகிற மரியாதையோடு சொன்னாள்.

ஜீப்பில் இறங்கி வரும்போது மாமா ஒரே ஒரு வார்த்தைதான் பேசினார். "பதினாலு மாப்ளே."

நான் சிரித்தேன். "மாமா, உங்க நாக்குக்கு இவ்ளோ கூர் இருக்கும்னு தெரிஞ்சிருந்தா கோடாலி யாவாரத்துல எறங்கியிருக்கலாம்." இதை மண்டியிலும் சொன்னேன், மறுநாளும் சொன்னேன், வெளியூர் வியாபாரி வந்தபோதெல்லாம் சொன்னேன். மாமா ஓரமாக உட்கார்ந்து தோள் துண்டை மடித்து, பிரித்து, மறுபடி மடித்துக்கொண்டிருப்பார்.

அதற்கடுத்த தை. மலைக்குப் போனோம். மாமா ஜீப்பிலிருந்து இறங்கி மரத்தடியில் போய் நின்றார். நிமிர்ந்து பார்க்கவில்லை. தன் கால் பெருவிரலைப் பார்த்துக்கொண்டு நின்றார். மரத்துக்காரன் காத்திருந்தான். கொஞ்ச நேரத்தில் அவனுக்கு வியர்த்தது.

"இன்னாங்க, ஒண்ணுமே சொல்லலியே?"

மாமா விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"போன வருசம் மழை கம்மிதாங்க… கெழக்கால கெளையில கொஞ்சம் பூச்சி வுழுந்துதான் போச்சி…" என்று அவனே தன் மரத்துக்குக் குறை சொல்ல ஆரம்பித்தான். மாமா அப்போதும் நிமிரவில்லை. இருபத்திரண்டு வருஷமாகப் பேசிப் பேசி இறங்காத விலை, பேசாமலே பாதிக்கு வந்து நின்றது.

நான் பின்னால் நின்று புல்லரித்துப் போனேன். ஆள் புது வித்தை பழகிவிட்டார் என்று நினைத்தேன். ஊர் ஊராக அதே கதைதான். 'மதிப்புக்காரரு மரத்த அண்ணாந்துகூடப் பாக்கல' என்ற சேதி எங்களுக்கு முன்னால் போய், மரத்துக்காரர்கள் பயந்துபோய்க் காத்திருந்தார்கள். "எத்தினி மணங்கு மாமா?" என்று கேட்டால், "நீயே போட்டுக்கோ" என்பார். அதையும் என் திறமையின் மீது வைத்த நம்பிக்கை என்று எடுத்துக்கொண்டேன். வியாபாரிக்கு எல்லாமே தந்திரமாகத் தெரியும். எதிரில் ஒருவன் மயங்கி விழுந்தால்கூட, விலையைக் குறைக்கத்தான் விழுகிறான் என்று தோன்றும்.

அக்கா ஒருநாள் மண்டிக்கே வந்தாள். மண்டிப் பக்கம் வருகிறவள் இல்லை. மூட்டைகளுக்கு நடுவில் புடவையை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"தங்கவேலு, உங்க மாமா சாப்புடறதில்லடா."

"வயித்துக்கு இன்னா?"

"வயித்துல ஒண்ணும் இல்ல. காத்தால செருப்ப மாட்டிக்கினு வாசப்படியில நிக்கறாரு. ஒரு மணி நேரம் அப்படியே நிக்கறாரு. வெளியவும் போறதில்ல, உள்ளவும் வர்றதில்ல. நாலு நாளா ஒரே சட்ட. கூப்ட்டா, யாரையோ கூப்புடறாங்கன்ற மாதிரி பாக்கறாரு."

"சூடா இருக்கும். எண்ணெ தேச்சி வுடு."

"தேச்சிட்டேன். முருங்கக்கீர வெச்சேன். கோயிலுக்கும் இட்டுக்கினு போனேன். சாமியயும் நிமிந்து பாக்கல."

"அக்கா, இந்த வருசம் மாமா பேசின மரம் அத்தினியும் பாதி வெலைக்குப் படிஞ்சிருக்குது. தொழில் உச்சத்துல இருக்கறப்ப போயி ஆளுக்கு ஒடம்பு சரியில்லன்றியே?"

அவள் என்னைப் பார்த்த பார்வையை நான் இங்கே எழுதப்போவதில்லை. "உனக்கு புளி தெரியும்டா," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

அடுத்த வியாழக்கிழமை வேடியப்பன் மரங்களுக்குப் போனோம். பதினொரு மரம். ஊர் வழக்கம்போலக் கூடியிருந்தது. போன வருஷ ஏச்சுக்கு இந்த வருஷம் என்ன பதில் சொல்வது என்று வேடியப்பன் பன்னிரண்டு மாதம் யோசித்து வைத்திருப்பான் போல, முகமெல்லாம் தயாராக இருந்தது. மாமா போய் நின்றார். கால் விரலைப் பார்த்தார்.

"இன்னா மதிப்புக்காரரே, நாக்க வூட்லயே வெச்சிட்டு வந்துட்டீங்களா?"

கூட்டம் சிரித்தது. மாமா அசையவில்லை.

"சரி, நானே சொல்றேன். எம் மரத்துல பழம் இல்ல, தேனு தொங்குது. இல்லன்னு சொல்லுங்க பாக்கலாம்."

மாமா சொல்லவில்லை.

வேடியப்பன் சிரிப்பதை நிறுத்தினான். மாமாவின் எதிரில் வந்து, முழங்காலில் கைவைத்துக் குனிந்து, கீழேயிருந்து அவர் முகத்தை அண்ணாந்து பார்த்தான். மாமா எந்த மரத்தையும் அப்படி நேரம் எடுத்துப் பார்த்ததில்லை. பிறகு நிமிர்ந்து என்னைத் தனியாக அழைத்துக்கொண்டு போனான்.

"இந்த வருசம் எம் மரம் விக்கறதில்ல."

"வேற மண்டிக்காரன் எவனாச்சும் வந்தானா?" என்றேன் நான்.

"யோவ், ஆளப் பாருய்யா. இவரு கையில நான் இன்னாத்த பேசறது? உள்ள ஆளே இல்ல. எந் தம்பி ஒருத்தன் இருந்தான். காட்டு கண்ட்ராக்டுல மூங்கில் வெட்டப் போய்க்கினு இருந்தான். நாலு வருசம் நல்லாத்தான் போனான். அப்புறம் இப்படித்தான் குந்திக்கினான். நாங்களும் சோம்பேறின்னு ஏசினோம், வேல செய்யாம டபாய்க்கறான்னு சிரிச்சோம். ஒருநா மாடு ஓட்டிக்கினு போனான். மாடு மட்டும் வந்துது." அவன் துண்டை உதறித் தோளில் போட்டான். "எத்தினி நாளா இவரு இப்படி?"

"பொங்கலுக்கு முன்னாடியே."

"இத்தினி நாளும் இந்த ஆள நிக்க வெச்சா மரம் பேசினே?"

"அவரு ஒண்ணும் பேசலப்பா. பேசாம இருந்ததாலதான் வெலை…" என்று பெருமையாகத் தொடங்கியவன் பாதியில் நிறுத்தினேன். நான் சொல்வது எனக்கே கேட்டது. நாற்பது வயதில் முதல் தடவையாக.

திரும்பிப் பார்த்தேன். மரத்தடியில் மாமா இல்லை. கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. ஜீப்பில் டிரைவர் கிருஷ்ணன் ஸ்டியரிங்கில் தலைவைத்துத் தூங்கிக்கொண்டிருந்தான். வண்டியின் பின்பக்கத்தை எட்டிப் பார்த்த வேடியப்பன் கேட்டான்: "மூட்ட எறக்கற கயிறு ஒரு கட்டு இருந்துதே, எங்க?"

மலையில் எத்தனை மரம் இருக்கிறது என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அதுவரை நான் மரத்தை மணங்காகத்தான் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு உச்சி வெயிலில் ஒவ்வொன்றாக, கிளை கிளையாக, அண்ணாந்து பார்த்துக்கொண்டு ஓடினேன். ஒன்றுமே தொங்காத மரத்தைக் கண்டு ஒரு புளி வியாபாரி கையெடுத்துக் கும்பிட்டது அதுதான் முதல் தடவையாக இருக்கும். வேடியப்பன் ஒரு பக்கம், கிருஷ்ணன் ஒரு பக்கம். 'மாமா, மாமா' என்று நான் கத்தியது எதிர்மலையில் பட்டு எனக்கே திரும்பி வந்தது.

ஒரு மைல் தள்ளி, கொல்லைமேட்டில் இருந்தார். மங்கம்மாள் நிலத்தில், வெட்டின மரத்தின் அடிக்கட்டைக்குப் பக்கத்தில், மண்ணில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். எதிரில் மங்கம்மாள் இருந்தாள். கயிற்றுக் கட்டின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"வாங்க. இது உங்க ஆளுதானே?" என்றாள். "கயித்தத் தூக்கிக்கினு வந்து இங்க நின்னுக்கினு மேல மேல பாக்கறாரு. மேல இன்னா இருக்குது? வானந்தான் இருக்குது. மொகத்தப் பாத்தேன், கயித்தப் பாத்தேன், புடுங்கி மேல குந்திக்கினேன்."

அந்த வருஷம் மாமா அண்ணாந்து பார்த்தது அந்த ஒரு இடத்தில்தான்.

"இங்கதான்னு நெனச்சிக்கினு வந்தேன் மாப்ளே," என்றார் மாமா. "வேற மரம் எதுவும் தோணல. வந்து பாத்தா மரத்தக் காணோம். வெட்டினது மறந்தே போச்சி." சிரிக்கப் பார்த்தார். உதடு ஒரு பக்கம் மட்டும் போனது. நான் இருபது வருஷமாக எல்லாவற்றுக்கும் சிரித்தவன். அதற்குச் சிரிக்க முடியவில்லை.

"நீ செத்துட்டா எம் மரம் எழுந்து நின்னுக்குமா?" மங்கம்மாளுக்கு மூச்சு வாங்கியது. "உம் பேச்சக் கேட்டு ஒருதரம் கெட்டது போதும். மறுபடியும் எந் நெலத்துல வந்து ஒரு சாவ வெச்சிட்டுப் போவப் பாக்கறியா? அதுக்கும் நானேதான் ஆளா?"

அவள் மன்னித்ததாக நான் எழுத மாட்டேன். மன்னிக்கவில்லை. கயிற்றை விட்டு எழுந்திருக்கவும் இல்லை.

நான் மாமா பக்கத்தில் உட்கார்ந்தேன். எனக்குத் தெரிந்த ஒரே வேலையை ஆரம்பித்தேன். சரக்கைப் புகழ்ந்தேன்.

"மாமா, உங்கள மாதிரி கண்ணு அஞ்சு தாலுக்காவுல கெடையாது."

"எதுக்கு ஆவுது? எதப் பாத்தாலும் சொத்தைதான் தெரியுது."

"அக்காவ நெனச்சிப் பாருங்க."

"நெனச்சிப் பாத்துட்டேன். அவ சோறு ஆக்கி வெச்சிட்டு எம் மூஞ்சியவே பாத்துக்கினு குந்தியிருக்கா. என்னால அவளும் துன்றதில்ல."

"உங்கள எல்லாரும் மதிக்கறாங்க மாமா."

"எதுக்கு? நல்ல மரத்த கெட்ட மரம்னு சொல்றதுக்கா?" கொஞ்ச நேரம் மண்ணைக் கிளறினார். பிறகு, அந்த வருஷம் முழுவதும் பேசாததை எல்லாம் சேர்த்துப் பேசினார். "கொற சொல்றதுதான் மாப்ளே எம் பொழப்பு. இருபத்திரெண்டு வருசமா அதுக்குத்தான் கண்ணப் பழக்கினேன். இப்ப அத நிறுத்தத் தெரியல. காத்தால முழிச்ச ஒடனே வேல ஆரம்பிச்சிடுது. எதிர்ல மரம் இல்ல, நான்தான் கெடக்கறேன். என்னையே சுத்திச் சுத்தி வந்து பாக்குது. ஓடு தடிப்புன்னுது. உள்ள ஒண்ணும் இல்லன்னுது. வெட்டிப் போட்டா வெறகாச்சும் மிஞ்சும்னுது. மரத்துக்காரனாச்சும் எதிர்த்துப் பேசுவான், 'போய்யா'ம்பான். எனக்கு எதிர்ப்பேச்சு பேச உள்ள ஆள் இல்ல மாப்ளே. சொல்றதெல்லாம் நம்பிடறேன்."

மங்கம்மாள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொன்னதை நம்பினால் என்ன ஆகும் என்பது அங்கே அவளுக்குத் தெரிந்த மாதிரி வேறு யாருக்குத் தெரியும்?

நான் விடவில்லை. அவர் நல்ல குணம், கைராசி, ஊருக்குச் செய்த உதவி என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன். ஒவ்வொன்றையும் அவர் திருப்பிப் பார்த்து, குறை சொல்லி, கீழே போட்டார். தொழில் சுத்தமாகப் போட்டார். ஜவ்வாது மலையிலேயே பெரிய மதிப்புக்காரரிடம் அவர் உயிருக்கே விலை பேசிக்கொண்டிருக்கிறேன், ஒவ்வொரு வார்த்தைக்கும் தோற்றுக்கொண்டிருக்கிறேன் என்று அப்போதுதான் புரிந்தது. பேசப் பேச விலை இறங்கிக்கொண்டே போனது.

"நிறுத்து மண்டிக்காரரே," என்றான் பின்னால் வந்து நின்ற வேடியப்பன். "பேச்சுல அவர ஜெயிச்சவன் எவன் இருக்கான்? வெலை படியலன்னா நாம இன்னா செய்வோம்?"

எனக்கு ஒரு நொடி புரியவில்லை. பிறகு சொன்னேன்: "தழை கட்டுவோம்."

மலையில் பேரம் படியாவிட்டால் மரத்தில் ஒரு கொத்துத் தழையைக் கட்டி, கெடுவாக ஒரு நாள் சொல்லிவிட்டு வருவது வழக்கம். அந்த நாள் வரைக்கும் மரம் அவனுக்கும் இல்லை, எங்களுக்கும் இல்லை. யாரும் உலுக்கக் கூடாது, விலை பேசக் கூடாது. சொந்தக்காரனே குழம்புக்கு ஒரு பழம் பறிக்க மாட்டான். கெடுநாளில் வந்து அவிழ்த்துவிட்டுத்தான் மேற்கொண்டு பேச்சு. மற்ற வியாபாரிகள் இதில் கள்ளத்தனம் செய்வார்கள், நானே செய்திருக்கிறேன். மாமா செய்ததில்லை. ஒருமுறை காய்ச்சலோடு, மழையில், பதினாறு மைல் நடந்துபோய்ச் சொன்ன நாளில் தழையை அவிழ்த்துவிட்டு வந்து படுத்தவர்.

வேடியப்பன் பக்கத்தில் இருந்த ஆவாரஞ் செடியில் ஒரு கொத்து ஒடித்தான். நாரைக் கிழித்து மாமாவின் மணிக்கட்டில் சுற்றப்போனான். மாமா கையை இழுத்துக்கொண்டார்.

"இன்னாய்யா இது? இது மரத்துக்குக் கட்றது."

"மரத்தத்தான் வெட்டிட்டியே, வேற எதுல கட்றது?" என்றாள் மங்கம்மாள்.

மாமா அவளை வெகுநேரம் பார்த்தார். பிறகு கையை நீட்டினார். வேடியப்பன் கட்டினான். மாமா அந்தத் தழையைப் பார்த்துக்கொண்டே, தன்னை அறியாமல் கேட்டார்:

"கெடு?"

"திங்கக்கெழம," என்றேன்.

"நாளு ஜாஸ்தி. நாளைக்கு."

"திங்கக்கெழம மாமா."

"சனிக்கெழம."

"சனி, ஞாயிறு மண்டியில சரக்கு எறங்குது, எனக்கு நேரமில்ல. திங்கக்கெழம."

"…சரி."

என் வாழ்நாளில் நான் பேசி முடித்ததிலேயே பெரிய வியாபாரம் அதுதான். நாலு நாள்.

கயிற்றை மங்கம்மாள் திருப்பித் தரவில்லை. "ஆட்டுக்கு ஆச்சி," என்றாள்.

மறுநாளே வேலூர் போனோம். அக்கா, நான், நடுவில் மாமா. பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர், வயதானவர், மெதுவாகப் பேசினார். தூக்கம் கேட்டார், சாப்பாடு கேட்டார், வேலை என்ன என்று கேட்டார். "கொற சொல்றதுங்க," என்றார் மாமா. டாக்டர் எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தார், சிரிக்கவில்லை. பிறகு, பேர் கேட்கிற மாதிரியே கேட்டார்: "செத்துடலாம்னு தோணுதா?"

எங்கள் தொழிலில் அசல் விலையை யாரும் நேராகக் கேட்பதில்லை. மாமாவோ பாரம் இறக்கி வைத்த மாதிரி, "ஆமாங்க," என்றார்.

"இது நோய். மனச்சோர்வுன்னு பேர். சோம்பலும் இல்ல, பேயும் இல்ல. வேலையிலிருந்து வந்திருக்குது, இன்னும் ஆழமாப் போயிருக்குது. மாத்திரை தர்றேன். வேலை செய்ய மூணு வாரம் ஆகும்."

"அதுவரைக்கும்?" என்றாள் அக்கா.

"தனியா விடாதீங்க. அவர்கிட்ட வாதாடாதீங்க. தொழில் பக்கமே போக வேண்டாம்."

"எத்தினி நாளைக்குங்க?" என்று கேட்டவன் நான்தான். முந்நூறு மரம் உலுக்கக் காத்திருந்தது. டாக்டர் என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

பாதி விலைக்கு வாங்கிய மரங்களை என்ன செய்தாய் என்று நீங்கள் கேட்கக்கூடும். பிற்பாடு திரும்பிப் போய் விலையைச் சரிசெய்தேன். எல்லாவற்றையும் சரிசெய்தேன் என்று சொன்னால், மண்டிக்காரன் பொய் சொல்கிறான் என்பீர்கள். அதனால், பெரும்பாலும் சரிசெய்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த மூன்று வாரம் இருக்கிறதே. மாத்திரை மாமாவின் நாக்கை வறட்டியது, கையை நடுங்க வைத்தது, வேறு ஒன்றும் செய்யவில்லை. கிணற்றுக் கயிற்றிலிருந்து அரிவாள்மணை வரை அக்கா பக்கத்து வீட்டில் கொண்டுபோய் வைத்தாள். வீட்டுக்கு வெள்ளையடிக்கிறோம் என்று அவர்களிடம் பொய் சொன்னாள். மூன்று வாரமாகியும் சுவர் அழுக்காகவே இருந்தது. பக்கத்து வீட்டுக்காரி ஒன்றும் கேட்கவில்லை.

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு மாமா, சொன்ன சொல்லுக்கு மண்டியின் பின்கட்டுக்கு வந்து நின்றார், அக்கா துணையோடு. வாடிய தழையை அவிழ்த்துப் போட்டேன். புதிதாக ஒடித்து வைத்திருந்ததை எடுத்தேன்.

"கெடு?"

"அடுத்த திங்கக்கெழம மாமா."

"முடியாது. வியாழன்."

டாக்டர் வாதாடாதே என்று சொல்லியிருந்தார். வியாழனுக்கே முடித்தேன். வியாழனன்று ஞாயிறு கிடைத்தது. ஞாயிறன்று ஒன்றரை மணி நேரம் கையை நீட்டாமல் மூட்டை மேல் உட்கார்ந்திருந்தார். "எதுக்கு மாப்ளே இது? சொத்த சரக்க எத்தினி நாளைக்கு மறிச்சி வெப்பே?" என்றார். நான் பதில் சொல்லவில்லை. சொல்லாமல் இருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். பிறந்ததிலிருந்து பதில் சொல்லியே பிழைத்தவன். தழையைக் கையில் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். கடைசியில் ஒரு நாள் தந்தார். ஒரே ஒரு நாள். வாங்கிக்கொண்டேன். மறுநாள் மறுபடியும் ஒரு நாள். அதற்கு மறுநாளும். சில்லறை வியாபாரம்.

அந்த வாரங்களில் மலைக்கு நான் போகவில்லை. உலுக்குவதை வேடியப்பனே ஆள் வைத்துப் பார்த்தான். ஒருமுறை சாமை மூட்டையோடு போளூர் வந்தவன் மாமா எதிரில் அரை நாள் உட்கார்ந்திருந்தான். "இவரு ஏசாம எனக்கு இந்த வருசம் புளியே புளிக்கல," என்றான். மாமா அவனைப் பார்த்தார், அவ்வளவுதான். போகும்போது வாசலில் அவன் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டான்.

நான்காவது வாரத்தில் கெடு மூன்று நாளாக நீண்டது. அவர் தானாகச் சொன்னாரா, களைத்துப்போய்ச் சொன்னாரா, தெரியவில்லை. அக்கா, "ரெண்டு இட்லி துன்னாரு," என்றாள். நம்பிக்கை வைக்கப் பயந்துகொண்டே சொன்னாள். ஆறாவது வாரத்தில் அடுத்த திங்கட்கிழமை வரைக்கும் ஒரு வாரம் வாங்கினேன், முழுசாக.

அந்தத் திங்கட்கிழமை வந்தது. ஒன்பது மணிக்குத் தழையோடு பின்கட்டில் காத்திருந்தேன். ஒன்பதரை ஆனது. கெடு தவறாத மனுஷன். பத்து மணிக்கு எனக்கு மண்டியின் சத்தம் எதுவும் காதில் விழவில்லை. யாரோ எடை கேட்டான், அவனைத் தள்ளிவிட்டு ஓடினேன். கடைத்தெரு முழுக்க ஓடினேன். ஒரு செருப்பு எங்கேயோ கழன்று போனது. கெடு நாள் முடிந்தது, தழைக்குக் கட்டுப்பட வேண்டியதில்லை, இனி சரக்கு அவருடையது, அவர் இஷ்டம் என்று என் தலைக்குள் ஒரு வியாபாரி கணக்காகச் சொல்லிக்கொண்டே கூட ஓடி வந்தான்.

வாசலில் அக்கா நின்றிருந்தாள். கையால் வாயைப் பொத்தியிருந்தாள். கதவைப் பிடித்துக்கொண்டேன்.

"சத்தம் போடாதடா," என்றாள் கிசுகிசுப்பாக. "தூங்கறாரு. காத்தால முழிச்சாரு, காப்பி குடிச்சாரு, திரும்பிப் படுத்தவரு தூங்கிட்டாரு. எழுப்ப மனசு வரல. இன்னிக்கி திங்கக்கெழமன்னு அவருக்கு நெனப்பே இல்லடா."

உள்ளே எட்டிப் பார்த்தேன். கோரைப்பாயில் ஒருக்களித்துப் படுத்திருந்தார், வாய் திறந்திருந்தது, குறட்டை வந்துகொண்டிருந்தது. நல்ல தூக்கமா, மாத்திரைத் தூக்கமா, எல்லாவற்றையும் விட்டுவிட்ட ஆளின் தூக்கமா? எனக்கு மதிப்பிடத் தெரியவில்லை. அதைப் பார்த்துச் சொல்லக்கூடிய ஒரே ஆள் தூங்கிக்கொண்டிருந்தார்.

கதவோரம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன். மண்டியிலிருந்து ஆள் வந்து கூப்பிட்டான், போகச் சொன்னேன். மத்தியானம் வரைக்கும் அங்கேயே இருந்தேன். குறட்டை நிற்கும்போதெல்லாம் எழுந்து போய்ப் பார்த்தேன்.